காத்திருப்பின் காலப்பிரமாணம்

1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக் காட்சிச் சாலையின் பளிங்கு மண்டபத்தில் முர்னவின் ‘நோஸ்ஃபெராட்டு’ முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது, அதற்கென்றே ஹான்ஸ் எர்ட்மான் எழுதிய இசையை ஓர் ஆர்க்கெஸ்ட்ரா அரங்கிலேயே வாசித்தது. அந்த இசையின் முழுப் பிரதி இன்று இல்லை. அதிலிருந்து எடுத்து எர்ட்மான் அச்சிட்ட பத்துத் துண்டுகள் மட்டும் மிஞ்சின. பின்னாளில் அதை மீட்டுக் கட்டியவர்கள் அந்தப் பத்தை வைத்தே கட்டினார்கள். துண்டுகளுக்கு அவர் கொடுத்த தலைப்புகள் யோசிக்க வைப்பவை. முதலாவது கிராமிய அமைதி, அடுத்தது பாட்டுப்போல் இழையும் ஒரு பகுதி. பிறகு புயல், அழிவு, விசித்திரம், கோணங்கித்தனம் என்று போகிறது. பேய் என்று வெளிப்படையாகச் சொல்லும் தலைப்பு பத்தில் ஒன்றே ஒன்று. திகில் படத்துக்கு முதன்முதலில் இசையமைத்தவர்களில் ஒருவர், திகிலுக்கென்று ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். மௌனத் திகில் படத்துக்குப் புதிதாக இசையமைக்க உட்காருகிறவர் எர்ட்மானின் நடையை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த விகிதத்தை எடுத்துக்கொண்டால் போதும். பயமுறுத்தும் வேலையை நூறு ஆண்டுகளாகப் படமே செய்துவருகிறது. இசைக்கு மிஞ்சும் வேலை, பயம் வந்து சேரும்வரை உள்ள நேரத்தைத் தாங்கிப் பிடிப்பது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

ரீரெக்கார்டிங் அறையில் பழகிய கைக்கு இது எளிதில் பிடிபடாது. பேசும் படத்தில் திடுக்கிட வைக்கும் அந்த ஒற்றை அடி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். காலடி, மூச்சு, கதவுக் கீல், தூரத்து நாய் என்று மெல்லிய ஒலிகளால் ஒரு தரை போடப்படுகிறது. அந்தத் தரையைப் பிளந்துகொண்டு பிராஸ் வாத்தியங்கள் வெடிக்கின்றன. அதிர்ச்சி வருவது வெடிப்பினால் மட்டுமல்ல, தரைக்கும் வெடிப்புக்கும் உள்ள தூரத்தினால். மௌனப் படத்தில் அந்தத் தரையே கிடையாது. கேட்பதெல்லாம் உங்கள் இசை ஒன்றுதான். ஆகவே இசை கத்தும்போது வேறெதையும் பிளப்பதில்லை, முன்பைவிடச் சத்தமாகிறது, அவ்வளவே. பத்தாவது முறை கத்தும்போது பார்வையாளரின் காது அதை அறையின் தன்மை என்று எடுத்துக்கொள்ளும். மேலும் 1920-களின் ஷாட்டுகள் நீளமானவை. ஒருவன் கதவருகே போவதையும், தயங்குவதையும், திறப்பதையும் முழுமையாகக் காட்டுவார்கள். அந்த நீளத்தைக் குறை என்று நினைத்து இசையால் நிரப்ப முயல்கிறவர், படத்தின் ஒரே மூலதனத்தைச் செலவழித்துவிடுகிறார்.

‘நோஸ்ஃபெராட்டு’வில் கோட்டையில் ஹுட்டரின் இரண்டாம் இரவை எடுத்துக்கொள்வோம். அவன் கதவைத் திறந்து பார்க்கிறான். தொலைவில் ஓர்லாக் பிரபு அசையாமல் நிற்கிறான். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் இல்லை. படுக்கைக்கு ஓடிப் போர்வைக்குள் ஒளிகிறான். கதவு தானாகத் திறக்கிறது, ஓர்லாக் வந்து நிற்கிறான். இதற்கிடையே படம் பல நூறு மைல் தள்ளியுள்ள விஸ்போர்க் நகரத்துக்குத் தாவுகிறது. அங்கே எல்லன் தூக்கத்தில் நடக்கிறாள். படுக்கையில் எழுந்து கைகளை நீட்டிக் கணவன் பெயரைச் சொல்லிக் கூவுகிறாள். ஓர்லாக் தலையைத் திருப்புகிறான், கேட்டுவிட்டவனைப் போல. பிறகு விலகிப் போகிறான். வாயில்லாத படத்தில் முர்னவ் ஒரு குரலை இரண்டு ஊர்களுக்கு இடையே அனுப்புகிறார், அதுவும் வெறும் கட்டுகளாலேயே. ஓர்லாக் வரும்போதே ஆர்க்கெஸ்ட்ரா உச்சத்தில் இருந்தால் அந்தக் குரல் போய்ச்சேர வழியில்லை. இங்கே நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு சுரம். எல்லனின் முதல் ஷாட்டில் அதைத் தொடங்குங்கள், வயலினோ மனிதக் குரலோ போதும். படம் கோட்டைக்குத் திரும்பும்போதும் அதை விடாதீர்கள். ஓர்லாக் தலை திருப்பும் கணத்தில் நிறுத்துங்கள். அவன் கேட்டது அந்தச் சுரத்தைத்தான் என்று பார்வையாளர் தாமாகவே புரிந்துகொள்வார். அவன் விலகும் நேரம் முழுக்கக் கார்வையாக இருக்கட்டும். சத்தமாக வாசிக்காமலே அந்த இரவின் பயம் முழுவதும் அரங்குக்குள் வந்துவிடும்.

இன்னொரு சான்று ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓப்ரா’வின் (1925) முகமூடிக் காட்சி. எரிக் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறான்; கிறிஸ்டீன் பின்னாலிருந்து நெருங்குகிறாள், கை நீள்கிறது, தயங்குகிறது, மறுபடி நீள்கிறது. முகமூடி கழன்றதும் லான் சேனியின் அந்த முகத்தைப் பார்ப்பது முதலில் நாம்தான். அவள் இன்னும் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். அவன் திரும்பிய பிறகே அவள் பார்க்கிறாள். ஒரே அதிர்ச்சி இரண்டு தவணையாக வருகிறது. இரண்டாவதுதான் கதைக்கு முக்கியம், ஏனென்றால் அது அவளுடையது. முதல் தவணையிலேயே எல்லாக் குழல்களையும் திறந்துவிடுகிற ஆர்கன் கலைஞருக்கு இரண்டாவதற்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. திரையிலேயே ஒருவன் வாத்தியம் வாசிப்பதால், இசைக்கு இங்கே அரிதான ஒரு வசதி உண்டு: அவன் கைகள் கட்டையை விட்டு எழும்போது உங்கள் இசையும் நின்றுவிடலாம். முதல் தவணைக்கு அந்த நிறுத்தமே போதுமான அடி. அடுத்து அவன் எழுந்து அவளை நோக்கி வருகையில் என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். கையிருப்பு முழுதாக இருக்கிறதே.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. இன்றைய பார்வையாளர் மௌன நடிப்பைப் பார்த்துச் சிரிப்பார், ஆகவே இசை உரக்க நின்று அந்தச் சிரிப்பை அடக்க வேண்டும் என்பார்கள். சிரிப்பு வரும் என்பது உண்மை. ‘நோஸ்ஃபெராட்டு’வில் விடுதியில் ஊரார் ஓநாய்மனிதன் என்று நடுங்கும்போது திரையில் வருவது ஒரு கழுதைப்புலி. அதைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் சிரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் இரட்டிப்புதான். நடிகர் கண்ணை உருட்டுகிறார், கூடவே வயலின்களும் உருட்டுகின்றன. மிகை மேல் மிகை ஏறும்போது கேலிச்சித்திரம் ஆகிவிடுகிறது. கண் உருளும் நேரத்தில் இசை அசையாமல் நின்றால் நடிப்பின் மிகை பாதியாகத் தெரியும். மறுபுறம், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க விடுவதும் இசையின் பொறுப்பு. எர்ட்மான் கோணங்கித்தனத்துக்குத் தனியாக ஒரு துண்டு எழுதியது இதற்காகத்தான் இருக்கும். சிரித்து ஓய்ந்த அரங்கு அடுத்த காட்சிக்கு நெகிழ்ந்து கொடுக்கும்.

உரத்த இசையே வெற்றி பெற்ற உதாரணம் இல்லையா என்று கேட்டால், உண்டு. ஹாமர் நிறுவனத்தின் ‘டிராகுலா’வுக்கு (1958) இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டு 1990-களில் ‘நோஸ்ஃபெராட்டு’வுக்கு முழு ஆர்க்கெஸ்ட்ராவுடன் ஓர் இசை எழுதினார். அது அடக்கமானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது நிற்பது சத்தத்தால் அல்ல. பாத்திரங்களுக்குரிய மெட்டுகள் வளர்ந்து, திரும்பி, ஒன்றையொன்று தடுத்து நகர்கின்றன. காதலர்களின் மெட்டைப் பொறுமையாக ஊன்றிவிட்டே அவர் மற்றதை ஏவுகிறார். காத்திருக்கத் தெரிந்தவரின் உரத்த குரல் அது. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வழியில்லாத ஐந்து பேர் குழு, அந்த உரப்பை மட்டும் கீபோர்டில் நகலெடுத்தால் மிஞ்சுவது இரைச்சல்.

இனி மேசை வேலை. ஒரு சுரம்கூட எழுதுவதற்கு முன், எந்தப் பிரதிக்கு எழுதுகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். ஆயிரம் அடியை விநாடிக்கு 24 ஃப்ரேமில் ஓட்டினால் 11 நிமிடம் 7 விநாடி. 18 ஃப்ரேமில் ஓட்டினால் 14 நிமிடம் 49 விநாடி. 1,967 மீட்டர் நீளமுள்ள ‘நோஸ்ஃபெராட்டு’ 18 ஃப்ரேமில் 95 நிமிடத்துக்கு மேல் ஓடும், 24-இல் 72 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இது வெறும் கணக்கு அல்ல. காத்திருப்பின் காலப்பிரமாணமே இதில்தான் இருக்கிறது. வேகமாக ஓடும் பிரதியில் ஓர்லாக் துள்ளி நடப்பான்; எந்த இசையும் அவனைக் காப்பாற்றாது. பதிப்பு வேறுபாடும் உண்டு. ‘நோஸ்ஃபெராட்டு’ பிராம் ஸ்டோக்கரின் நாவலை அனுமதியின்றி எடுத்தது என்று அவருடைய மனைவி வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்க 1925-இல் தீர்ப்புப் பெற்றார். தப்பிப் பிழைத்தவை பல நாடுகளில் பல வடிவங்களில் கிடந்தவை. ‘ஃபேண்ட’மில் 1925 வடிவம் ஒன்று, 1929-இல் யுனிவர்சல் ஒலி சேர்ப்பதற்காகத் திருத்தித் தொகுத்த வடிவம் இன்னொன்று, காட்சி வரிசையே மாறும். இணையத்தில் கிடைத்த ஒரு கோப்புக்கு எழுதிவிட்டு, அரங்குக்கு ஆவணக்காப்பகத்தின் பிரதி வந்து சேர்ந்தால் எழுதியதெல்லாம் வீண். படம் பொதுவுடைமை ஆகியிருந்தாலும், மீட்டெடுத்த பிரதியைத் திரையிட உரிமை தனியாக வாங்க வேண்டியிருக்கும். அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தையும் மறக்க வேண்டாம். பகலில் எடுத்த இரவுக் காட்சிகளுக்கு நீலச் சாயம் ஏற்றுவது அந்தக் கால வழக்கம். சாயம் போன கறுப்பு-வெள்ளைப் பிரதியில் ஓர்லாக் பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறான். அதைப் பார்த்து இசையமைத்தவருக்குக் கதையே புரிந்திருக்காது. சாயம் மாறும் இடங்கள் இயல்பான எடுப்பு இடங்களும்கூட. நீலம் மஞ்சளாகும்போது விடிகிறது, ஆகவே இசை மூச்சு வாங்கலாம்.

பிறகு ஒரு நேரப் பட்டியல் போடுங்கள்: டைம்கோடு, ஷாட்டில் நடப்பது, எத்தனை விநாடி, டைட்டில் கார்டு வரும் இடம். டைட்டில் கார்டு ஓடும்போது அரங்கு வாசித்துக்கொண்டிருக்கும். அங்கே புதிய மெட்டைத் தொடங்குவது அதை வீணடிப்பது. பட்டியலில் இரண்டே வகை இடங்களைக் குறியுங்கள். முதல் வகை, விநாடி பிசகக் கூடாதவை. ஹுட்டர் கோட்டையில் சாப்பிடும்போது எலும்புக்கூடு வைத்த கடிகாரம் மணி அடிப்பது, கத்தி அவன் விரலைக் கீறுவது, கடைசியில் சேவல் கூவுவது இப்படிப்பட்டவை. ஒன்றரை மணி நேரப் படத்தில் இவை பதினைந்துக்கு மேல் போனால் நீங்கள் கார்ட்டூனுக்கு இசையமைக்கிறீர்கள் என்று பொருள். மற்றவை எல்லாம் இரண்டாம் வகை, முன்பின் சில விநாடி நெகிழக் கூடியவை. கடிகாரம்கூட ஒவ்வொரு அடிக்கும் மணி கேட்க வேண்டும் என்பதில்லை. முதல் அடியைக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் மீதியை மனசு எண்ணிக்கொள்ளும்.

இவ்வளவு எழுதிவைப்பது நேரடி இசையின் உயிரைக் கொன்றுவிடாதா, படத்தைப் பார்த்து அந்தந்தக் கணத்தில் வாசிப்பதல்லவா மௌனப் பட மரபு என்பது இரண்டாவது மறுப்பு. தனி ஆளாகப் பியானோவில் வாசிப்பவருக்கு இது பெருமளவு பொருந்தும். ஒரு கை, ஒரு மூளை, முடிவும் ஒன்று. இருவருக்கு மேல் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. சேர்ந்து கற்பனை செய்து வாசிக்கும் கலைஞர்கள் திரையையும் ஒருவரையொருவரும் மாறிமாறிக் கேட்டும் பார்த்தும் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தாம் பதில் சொல்ல வேண்டும் என்ற உந்துதல் இருப்பதால் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். கற்பனையில் மிகக் கடினமானது கூட்டாகச் சும்மா இருப்பது. ஆகவே எழுதிவைக்க வேண்டியவை முதலில் மௌனங்கள். எங்கே யார் வாசிக்கக் கூடாது என்பதை நிர்ணயித்துவிட்டு, வாசிக்கும் இடங்களில் ஆலாபனைக்குத் தாராளமாக இடம் விடலாம். மாசசூசெட்ஸைச் சேர்ந்த அலாய் ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டுகளையும் பழைய உலோகச் சாமான்களையும் வைத்துக்கொண்டு மூன்றே பேராக ‘ஃபேண்டம்’ உள்ளிட்ட படங்களுக்கு வாசித்தார்கள். மூவர் போதும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தக் கால இசையைத்தான் வாசிக்க வேண்டும் என்ற தூய்மைவாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1921-இல் ‘டாக்டர் கலிகாரி’ நியூயார்க்கின் கேப்பிட்டல் அரங்கில் ஓடியபோது, எர்னோ ரபேயும் ரோதாஃபெலும் ஷோன்பெர்க், ஸ்ட்ராவின்ஸ்கி, ப்ரோகோஃபியேவ், டெபுஸி ஆகியோரின் இசையை எடுத்துக் கோத்தார்கள். அன்றைய காதுக்கு அது மிகப் புதியது. எர்ட்மானே 1927-இல் ஜுசெப்பே பெச்சேயுடன் சேர்ந்து வெளியிட்ட கையேடு, ஆயிரக்கணக்கான துண்டுகளை மனநிலை வாரியாகப் பிரித்து, அரங்குக்காரர்கள் எடுத்தாள வைத்த ஒன்று. ஊருக்கு ஊர் இசை மாறியதே அந்தக் கால வழக்கம்.

கவனிக்க வேண்டியது வேறொன்று: வாத்தியங்கள் ஏற்கெனவே சுமந்து வரும் நினைவு. பாக்கின் டி மைனர் டொக்காட்டாவை ஆர்கனில் எடுத்த உடனே பார்வையாளர் சிரிப்பார், ஏனென்றால் நூறு பகடிகளில் அதைக் கேட்டிருக்கிறார். தமிழ்க் கலைஞர்கள் வாசித்தால் அதே சிக்கல் உடுக்கையில் வரும். உடுக்கை ஒலித்ததும் தமிழ் அரங்கு கோயில் கொடைக்கும் சாமியாட்டத்துக்கும் போய்விடும்; விஸ்போர்க் நகரத்துப் பிளேக் அங்கே நிற்காது. உடுக்கையை ஒதுக்குங்கள் என்பதல்ல இதன் பொருள். அது வரும் இடத்தில் படத்திலும் ஒருவர் ஆட்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். எல்லன் தூக்கத்தில் நடக்கும் இடம் அதற்குத் தாங்கும், ஓர்லாக்கின் நகங்கள் தாங்காது. ஒற்றைச் சுருதியை எலெக்ட்ரானிக் இரைச்சலாகப் படம் முழுக்க ஓடவிடும் இன்றைய நாகரிகம் பற்றியும் ஒரு வார்த்தை. காத்திருப்பைத் தாங்குவதற்கு அது மிகப் பொருத்தமானதாகத் தோன்றும், முதல் இருபது நிமிடம் பொருந்தவும் செய்யும். அதன் பிறகு காத்திருப்பே இல்லாமல் போய்விடும். தொடக்கத்தில் ஹுட்டர் மனைவிக்குப் பூப்பறிக்கிறான், அவள் பூனைக்குட்டியோடு விளையாடுகிறாள். அங்கேயே அடியில் இருள் உறுமினால் இழப்பதற்கு எதுவும் இல்லை, எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

‘கலிகாரி’யில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. தோட்டத்து இருக்கையில் இருவர் பேசுவதில் தொடங்குகிறது படம். வெள்ளை உடுத்த ஒரு பெண் எதையும் பார்க்காதவளாகக் கடந்து போகிறாள். கதை சொல்கிறவன் மனநோய் விடுதியில் இருப்பவன் என்பது கடைசியில்தான் தெரியும். முதல் ஷாட்டிலிருந்தே சுருதி பிசகிய இசையை வைப்பவர், கோணலாக வரைந்த வீடுகளைப் பார்த்து அப்படிச் செய்கிறார். ஆனால் அந்த வீடுகள் இன்னும் வரவில்லை, வந்திருப்பது தோட்டம் மட்டும். என் யோசனை, தொடக்கத்துக்கு யாரும் முணுமுணுக்கக் கூடிய எளிய மெட்டு ஒன்றைக் கொடுப்பது. நடுவில் எத்தனை கோணல் வேண்டுமானாலும் வரட்டும். முடிவில் அதே மெட்டை, ஒரு சுரம் மாற்றாமல், அதே வேகத்தில் திருப்பி வாசியுங்கள். மாறியிருப்பது கேட்பவர் என்பதால் மெட்டு மாறி ஒலிக்கும். இடையில் கூடாரத்தில் செசாரே கண் திறக்கும் குளோசப் வருகிறது. இமைகள் பிரியும் நேரம் தாங்க முடியாத நீளம். அந்த நீளத்தைக் குறைத்துக்கொடுக்க எல்லா இசையமைப்பாளருக்கும் கை துடிக்கும்.

அரங்கு ஒத்திகையில் பார்க்க வேண்டியவை சில. எல்லாருக்கும் திரை தெரிய வேண்டும். தெரியாதவருக்குத் தனி மானிட்டர். தாள்களுக்கான விளக்கின் வெளிச்சம் திரையில் படாமல் மறைப்புப் போடுங்கள், ‘நோஸ்ஃபெராட்டு’வின் நிழல்கள் மங்கலான வெளிச்சத்துக்கே கரைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் இடைவேளை இல்லாமல் வாசிக்க உடம்பு இடம் கொடுக்காது. எழுதிவைத்த மௌனங்களைத் தந்தியைச் சரிசெய்யவும் குழல் வாசிப்பவர் உதட்டை ஆற்றிக்கொள்ளவும் பங்கிடுங்கள், ஆனால் அந்த நேரத்தில் யாரும் தாள் புரட்டக் கூடாது. காலி அரங்கில் நீளமாகத் தோன்றும் மௌனம் கூட்டம் நிறைந்த அரங்கில் குறுகிவிடும், இருமலும் நாற்காலிச் சத்தமும் அதை நிரப்பிக்கொள்ளும். ஆகவே ஒத்திகையில் உங்களுக்கே சங்கடமாக இருக்கும் அளவுக்கு மௌனங்களை விட்டுவையுங்கள். கடைசி ஒத்திகை முடிந்ததும் குழுவிடம் கேட்க வேண்டியது எதைச் சேர்க்கலாம் என்று அல்ல. ஒவ்வொருவரும் தம் பகுதியிலிருந்து எடுத்துவிடக் கூடிய இரண்டு இடங்களைக் குறித்துத் தரட்டும். அந்தப் பட்டியலில் பாதியையாவது அன்றிரவே வெட்டிவிடுங்கள்.